நூறு மதிப்பெண் வாங்கிய கடிதம்

1983 பிப்ரவரி 14 – 61
1983 மே 9 – 68
1983 ஆகஸ்ட் 22 – 73
1983 டிசம்பர் 5 – 79
1984 மார்ச் 19 – 85
1984 ஜூலை 30 – 90
1984 அக்டோபர் 8 – 92
1985 ஜனவரி 21 – 94
1985 மே 13 – 96
1985 செப்டம்பர் 2 – 97
1986 ஜனவரி 27 – 98
1986 ஜூன் 9 – 100

இடது பக்கம் உள்ளவை கடிதங்கள் வந்து சேர்ந்த தேதிகள். வலது பக்கம் உள்ளவை பணம் அல்ல, நூற்றுக்கு இத்தனை என்று போடப்பட்ட மதிப்பெண்கள். கடிதங்களை எழுதியவள் மகள். மதிப்பெண் போட்டவர் அவளைப் பெற்ற அப்பா. பன்னிரண்டும் பதிவுத் தபாலாக என் கவுன்ட்டர் வழியாக வந்தன. அந்தக் கவுன்ட்டரில் நான் இருபத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்தேன். மகள் இருந்த நகரத்துக்கு ரயிலில் இரண்டு பகல், ஓர் இரவு. அங்கிருந்து வரும் தபால் பை எங்களுக்குத் திங்கட்கிழமைதான் கிடைக்கும். மேலே உள்ள பன்னிரண்டு நாட்களும் திங்கட்கிழமைகள்.

அப்பாவுக்கு ஊர் வைத்த பெயர் வாக்டு வாத்தியார். தபால் நிலையத்துக்கு எதிர்ச் சாரியில், சாவி வெட்டும் கடைக்கு மேலே, பதினேழு மரப்படி ஏறினால் அவருடைய ஆங்கில வகுப்பு. பெஞ்சு ஆறு, கரும்பலகை ஒன்று. மற்ற மூன்று சுவரிலும் பழுப்புக் காகிதத்தில் அட்டவணைகள். ஒவ்வோர் அட்டவணையிலும் ஒரே ஓர் ஆங்கில வினைச்சொல். நிகழ்காலத்தில் நான்கு கட்டம், இறந்தகாலத்தில் நான்கு, எதிர்காலத்தில் நான்கு, ஆகப் பன்னிரண்டு கட்டம். அதற்குக் கீழே ஏவல், நிபந்தனை, விருப்பம் என்று இன்னும் மூன்று. புதிதாகச் சேரும் மாணவனுக்கு முதல் பாடம் 'வாக்'. "ஐ வாக், ஐ வாக்டு, ஐ ஹேவ் வாக்டு" என்று தொடங்கி, நான் நடந்துகொண்டிருந்திருப்பேன் என்பது வரை ஓர் அடிகூட நகராமல் பெஞ்சில் உட்கார்ந்தபடியே நடக்க வேண்டும். நாற்பது நாள் இப்படி நடந்தவனுக்குத்தான் 'டாக்'. பேசு என்று பொருள். அதையும் யாரோடும் பேசாமல் ஒப்பித்தார்கள்.

கீழே இருந்த சாவிக்காரர் சொல்வார்: "மேல அவர் அரைக்கிறார், கீழ நான் அரைக்கிறேன். என்கிட்ட வர்றவனுக்கு ஒரு கதவாவது திறக்குது."

வாத்தியாருக்கு ஒரு கொள்கை உண்டு. 'வாக்' என்றால் நேற்று 'வாக்டு' என்று ஒழுங்காக வந்து நிற்கும் வினைச்சொல்லுக்கு மட்டும்தான் அவர் அட்டவணையில் இடம். உருவத்தை மாற்றிக்கொண்டு வருபவற்றுக்கு இடம் இல்லை. என் மூத்த மகனை அந்த வகுப்பில் சேர்க்கப் போனபோது என்னிடம் விளக்கினார்:

"இந்த 'கோ' இருக்கானே சார், இவனை நேத்து எங்க இருந்தேன்னு கேட்டா 'வென்ட்'டுன்னு வேற ஆளா வந்து நிக்கறான். மூஞ்சியே மாறிப்போச்சு. இவனை நம்பி ஒரு பையனைப் பரீட்சைக்கு அனுப்ப முடியுமா?"

"போறது, வர்றது, தின்கிறது, தூங்கறது எல்லாமே அப்படித்தானே சார்? அதெல்லாம் இல்லாம எப்படிப் பேசறது?"

"ஒழுங்கானது நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு சேத்து வெச்சிருக்கேன். அது போதும், ஒரு மனுஷன் வாழறதுக்கு."

"அப்போ இந்த 'ஹேவ்', 'ஹேட்' எல்லாம்?"

"அவங்க கூலிக்கு வந்தவங்க. மூட்டையை இறக்கிட்டு வாசல்லயே நிக்கட்டும்."

இந்தக் கொள்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். வாலிபத்தில் அவர் பள்ளி ஆசிரியர் வேலைக்கு மூன்று முறை ஆங்கிலத் தேர்வு எழுதினார். மூன்று முறையும் முடிவு பதிவுத் தபாலில் வந்தது. மூன்று முறையும் அவரைக் கவிழ்த்தது உருமாறும் வினைச்சொற்கள் கேட்ட பகுதி. தோற்கடித்தவர்களை வாசலில் நிறுத்திவிட்டு, ஜெயிக்க முடிந்தவர்களை மட்டும் வைத்து அவர் ஒரு வகுப்பு நடத்தினார். இதற்கு அவர் வைத்த பெயர் 'முறைப்படி ஆங்கிலம்'.

எங்கள் மூத்தவன் அங்கே நான்கு வருடம் படித்தான். ஒரு கம்பெனி நேர்முகத்தில், தேநீர் சாப்பிட்டீர்களா என்று அவனை உபசாரமாகக் கேட்டிருக்கிறார்கள். குடிப்பதும் உருமாறும் சாதி என்பதால் அந்தச் சொல் அவனிடம் கிடையாது. "ஐ ஹேவ் கன்ஸ்யூம்டு" என்றிருக்கிறான். எப்படி வந்தீர்கள் என்றதற்கு "ஐ வாக்டு, ஐ பாஸ்டு, ஐ அரைவ்டு" என்றிருக்கிறான். வேலை கிடைத்தது. யாரோடும் பேசத் தேவையில்லாத கிடங்குப் பிரிவில்.

வாத்தியாரின் மகள் ஆறு வயதிலிருந்து அந்தச் சுவர்களுக்கு நடுவே வளர்ந்தவள். 1982 இறுதியில் தூர நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. புறப்படும்போது அப்பா சொன்ன புத்திமதி இரண்டே இரண்டு. கடிதத்தை ஆங்கிலத்தில் எழுது. பதிவுத் தபாலில் அனுப்பு, அப்போதுதான் எந்தத் தேதியில் ஒப்படைத்தாய் என்பதற்கு அத்தாட்சி இருக்கும்.

அவள் நிஜமான கடிதங்களாகத்தான் எழுதினாள். வாத்தியார் அவற்றை வினைச்சொல் வினைச்சொல்லாகத் திருத்தினார். சரியானதற்கு டிக், தவறுக்கு ஒரு மதிப்பெண் குறைவு. வாசலில் நிற்க வேண்டியவர்கள் யாராவது உள்ளே வந்திருந்தால் இரண்டு குறைவு. கடைசிப் பக்கத்தின் மூலையில் மொத்தத்தைப் போட்டு வட்டமிட்டு, அதே கடிதத்தை அவளுக்கே திருப்பி அனுப்புவார். பதில் என்று தனியாக ஒரு வரி கிடையாது. மதிப்பெண்தான் பதில்.

திருப்பி அனுப்பும் வேலை அவர் மனைவிக்கு. வகுப்பு நேரத்தில் அவரால் இறங்கி வர முடியாது. அந்த அம்மாவை எல்லோரும் 'டீச்சரம்மா' என்பார்கள். அவருக்கு எந்த மொழியிலும் ஓர் எழுத்து தெரியாது. இருபது வருடத்துக்கு மேல் அந்த அட்டவணைகளுக்கு அடியில் தரை பெருக்கியவர்.

முதல் இரண்டு முறை கவரை நீட்டி, ரசீதை வாங்கிக்கொண்டு போனார். மூன்றாவது முறை, 1983 ஆகஸ்ட் 23, கவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்:

"அண்ணே, இது இப்போ தபாலாயிடுச்சா?"

"நீங்க குடுத்தாத்தானேம்மா தபாலாகும்?"

"இன்னும் குடுக்கல. ஒட்டவும் இல்ல. நேத்து அவர்கிட்டக் கேட்டேன், பொண்ணு என்ன எழுதியிருக்கான்னு. எழுபத்திமூணுன்னார்."

"எழுபத்திமூணா?"

"நல்லாயிருக்காளான்னு கேட்டேன். போன தடவைக்கு அஞ்சு கூடன்னார்."

எழுத்தறியாதவர்களுக்குக் கடிதம் படித்துச் சொல்வது எங்கள் கவுன்ட்டரில் சம்பளமில்லாத வேலை. ஆனால் தபாலைப் பிரிப்பது குற்றம். யோசித்துப் பார்த்தேன். கவர் ஒட்டப்படவில்லை. கவுன்ட்டர் பலகையைத் தாண்டவில்லை. என் பேரேட்டில் எண் விழவில்லை. அதுவரை அது தபால் அல்ல, ஓர் அம்மா கையில் இருக்கும் காகிதம். வாங்கிப் படித்தேன். மகள் காய்ச்சலில் பதினோரு நாள் படுத்திருந்தாளாம். விடுதி அறையில் தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட ஆள் இல்லையாம். 'படுத்திருந்தேன்' என்ற இடத்தில் சிவப்பு மையில் இரண்டு குறைக்கப்பட்டிருந்தது.

அந்த அம்மா என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் கேட்டார். சொல்லச் சொல்ல எழுதினேன். காய்ச்சல் விட்டதா, தனியாக இருக்காதே, அடுத்த கடிதத்தையும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிடுவேன், எதுவானாலும் எழுது. தமிழில் ஏழு வரி. கவருக்குள் வைத்து, கவுன்ட்டர் பசையால் அவரே ஒட்டினார். அதன் பிறகுதான் கவர் பலகையைத் தாண்டியது.

அன்று முதல் வாத்தியாரின் திருத்தங்களுக்கு நடுவே ஒரு குடும்பம் பேசிக்கொள்ளத் தொடங்கியது. இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. மகள் எல்லாவற்றையும் அப்பாவுக்கு எழுதும் கடிதத்திலேயே பட்டவர்த்தனமாக எழுதினாள். அவரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தார். எழுத்தைத்தான் பார்த்தார்.

1984 மார்ச் கடிதத்தில், கூட வேலை செய்பவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டதாக மகள் எழுதியிருந்தாள். 'மேரீடு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பெரிய டிக். 'ஒய் எழுத்தை ஐ ஆக மாற்றியது நன்று' என்று ஒரு குறிப்பு. தமக்கு மருமகன் வந்துவிட்டார் என்பது தெரியாமலேயே மருமகனைச் சரி என்று ஒப்புக்கொண்ட மாமனார் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். ஜூலைக் கடிதத்தில், 'நான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்று, ஆங்கிலத்தில் பெண்கள் கர்ப்பத்தைச் சொல்லும் முறையில் சொல்லியிருந்தாள். ஓரத்தில் சிவப்பு மையில் 'எதை?' என்று கேட்டு ஒரு மதிப்பெண் குறைத்திருந்தார்.

டீச்சரம்மா அதைக் கேட்டுச் சிரித்தார். பிறகு பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்போண்ணே? எந்த மாசம்?"

"டிசம்பர்னு எழுதியிருக்காங்க."

"நான் போகணும்."

"கேட்டுப் பாருங்க."

கேட்டிருக்கிறார். நடந்ததை மறுநாள் வந்து சொன்னார். கணவரைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார், நடிப்பில் கெட்டிக்காரர்.

"பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிருக்கு, மாசமா இருக்கா, பிரசவத்துக்கு நான் போகணும்னேன். யார் சொன்னதுன்னார். அவதான் எழுதியிருக்கான்னேன். மார்க் நோட்டை எடுத்து இப்படிப் புரட்டினார். 'எண்பத்தஞ்சு வாங்கின கடிதமா? அதுல கல்யாணம் ஒண்ணும் இல்லையே. அது உதாரண வாக்கியம்'னுட்டார்."

"உதாரண வாக்கியமா!"

"'உதாரண வாக்கியத்துக்கெல்லாம் டிக்கெட் எடுக்க முடியாது'ங்கிறார். முப்பது வருஷமா அண்ணே, நானும் அந்த வீட்டுல உதாரணத்துக்குத்தான் இருந்திருக்கேன் போல."

அதுவரை ஒட்டாமல் வைத்திருந்த கவருக்காக, இதையும் துண்டுக் காகிதத்தில் எழுதச் சொன்னார். சிரிப்பு வந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னார்.

அக்டோபர் 8 அன்று வந்த கடிதத்தில் ஒரு ரயில் டிக்கெட் குண்டூசியால் குத்தியிருந்தது. நவம்பர் 12, காலை ஏழு இருபது வண்டி. அம்மா எந்தப் பெட்டியில் ஏற வேண்டும், எங்கே மாற வேண்டும், எந்த வாயிலில் யார் காத்திருப்பார்கள் என்பதெல்லாம் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தாள். 'காத்திருப்போம்' என்ற எதிர்காலத்துக்கு டிக். மொத்தம் தொண்ணூற்றிரண்டு. மனைவி வீட்டை விட்டுப் போகும் திட்டத்துக்குத் தொண்ணூற்றிரண்டு போட்டுவிட்டு, டிக்கெட்டின் மேல் 'இணைப்புக்கு மதிப்பெண் இல்லை' என்று எழுதி, மறுபடி அதே குண்டூசியால் குத்தி, திருப்பி அனுப்பும்படி மனைவி கையிலேயே கொடுத்திருந்தார்.

அந்த அம்மா குண்டூசியைக் கழற்றினார். டிக்கெட்டைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

"இது தப்பாண்ணே?"

"பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கறவரைக்கும் உங்களுதும்மா."

நவம்பர் 13 காலை ஒன்பது மணிக்கு வாத்தியார் வந்தார். வகுப்பு நேரத்தில் அவர் இறங்கி வந்ததை நான் பார்த்தது அதுவே முதல் முறை.

"போஸ்ட்மாஸ்டர் சார், வீட்டுல ஆள் இல்ல." நான் போஸ்ட்மாஸ்டர் அல்ல என்று அவருக்குப் பல முறை சொல்லியாகிவிட்டது.

"நேத்துக் காலைல ரயில்ல போனாங்களே."

"டிக்கெட்?"

"மார்க் இல்லைன்னு எழுதினீங்களே, அந்த டிக்கெட்."

கையிலிருந்த சிவப்புப் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். பிறகு, "வந்துடுவா. மூணு மாசத்துல வந்துடுவா" என்றார். அந்த வாரமே ஒரு பதிவுத் தபால் கொண்டுவந்தார். இனி அவரே ஒட்டி, அவரே கொண்டுவருவார். உள்ளே இருப்பது எனக்குத் தெரியாது. ஆனால் பெருமை பொறுக்காமல் அவரே சொன்னார். 'ரிட்டர்ன்' என்ற சொல்லின் முழு அட்டவணை அனுப்பியிருக்கிறாராம். திரும்புகிறாள், திரும்பினாள், திரும்பியிருப்பாள் என்று பன்னிரண்டு கட்டமும். "ஏவலை மட்டும் சிவப்பு மையில போட்டிருக்கேன் சார்."

"வரச் சொல்லி ரெண்டு வரி எழுதலையா?"

"ஏவல்ங்கிறதே அதான சார்!"

அந்த அம்மா வரவில்லை. மகளின் கடிதங்கள் மட்டும் வந்தன. 1985 ஜனவரி, மே, செப்டம்பர், அடுத்த ஜனவரி. ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டு போய், இரண்டாம் நாள் ஒட்டிய கவராகக் கொண்டுவருவார். "தொண்ணூத்தாறு. ஒரு தப்பு ஆளைக்கூட உள்ள விடல." "தொண்ணூத்தேழு." எண் ஏற ஏற அவர் நடை துள்ளியது. குழந்தை பிறந்ததா, ஆணா பெண்ணா என்று கேட்டுப் பார்த்தேன். "நல்லா முன்னேறியிருக்கா" என்றார். யாரைச் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை.

இதற்கிடையில் வகுப்பறைத் தரை குப்பையாகிவிட்டது. ஒரே சட்டையை அவர் நான்கு நாள் போட்டுக்கொண்டு வந்தார். சாவிக்காரர்தான் சாயங்காலம் ஒரு ரொட்டியும் தேநீரும் மேலே அனுப்புவார். "அதையும் 'கன்ஸ்யூம்டு'ன்னு எழுதி வெச்சுக்கட்டும்" என்பார்.

1986 ஜூன் 9 அன்று வந்த கடிதத்துக்கு அவர் மறுநாள்வரை காத்திருக்கவில்லை. காலை பதினொன்றுக்கு வாங்கிக்கொண்டு போனவர், பிற்பகல் இரண்டரைக்குத் திரும்பி ஓடி வந்தார். கையில் கடிதம் விரித்தபடி இருந்தது. கவரை ஒட்டக்கூட மறந்திருந்தார்.

"நூறு சார்! நூத்துக்கு நூறு! இருபத்தஞ்சு வருஷத்துல முதல் நூறு!"

வரிசையில் நின்றிருந்த மூன்று பேருக்கும் காட்டினார். உண்மைதான். முழுக் கடிதத்திலும் ஒரு சுழி இல்லை, ஒரு குறைவு இல்லை. வரிக்கு வரி டிக். மூலையில் நூறு, அதைச் சுற்றி இரண்டு வட்டம்.

"என்ன எழுதியிருக்காங்க?" என்றேன்.

"நூறு."

"அது நீங்க எழுதினது. அவங்க என்ன எழுதியிருக்காங்க?"

காகிதத்தைக் குனிந்து பார்த்தார். உதடுகள் அசைந்தன. ஒப்பிக்கும் அசைவு அல்ல. முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டு வந்தார், தம்முடைய டிக்குகளைத் தாண்டித் தாண்டி. இரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டார். பிறகு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். கவர் ஒட்டப்படவில்லை, பலகை தாண்டவில்லை. படித்தேன்.

குழந்தையின் பெயரை அப்பா கேட்டு எழுதினால் அந்த வாரமே அம்மா திரும்புவாள் என்று நான்கு கடிதங்களில் எழுதினேன், நான்குக்கும் மதிப்பெண் வந்தது என்று எழுதியிருந்தாள். அம்மா ஒவ்வொரு முறையும் கவரைப் பிரிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எண்ணை மட்டும் படித்துக் காட்டினேன். ஒன்றரை வருடம் காத்திருந்தவள் இப்போது காத்திருப்பதை நிறுத்திவிட்டாள். எங்கள் ஆஸ்பத்திரியில் துணி மடிக்கும் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். கையெழுத்துப் போடப் பழகிவிட்டாள். இந்தக் கடிதத்தைத் திருத்தி அனுப்ப வேண்டாம்.

'நிறுத்திவிட்டாள்' என்பதற்கு ஒரு டிக் இருந்தது. 'வேண்டாம்' என்பதற்கும்.

வரிசையில் நின்றிருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். வாத்தியார் மெதுவாகக் கேட்டார்:

"சார், குழந்தைக்குப் பேர் என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? ஒட்டின கவராத்தானே கொண்டுவந்தீங்க."

"ஆணா, பெண்ணா?"

"அதுவும் உங்க கையில வந்த கடிதத்துலதான் இருந்திருக்கும். நாலும் மார்க்கோட திரும்பிப் போயாச்சு."

"இப்போ என்ன பண்றது?"

"கேட்டு எழுதுங்க. கவர் தரேன்."

சங்கிலி கட்டிய பேனா இருக்கும் மேஜையில் போய் உட்கார்ந்தார். சிவப்புப் பேனா சட்டைப்பையிலேயே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே கேட்டார்:

"தமிழ்ல எழுதலாமா?"

"எழுதலாம். ஸ்டாம்பு ஒண்ணுதான்."

நாற்பது நிமிடம் ஆனது. நான்கு காகிதம் வீணானது. ஐந்தாவதில் ஒரே வரி. 'குழந்தையின் பெயர் என்ன?' என்று கேட்டிருந்தார். என்னிடம் நீட்டி, "சரியா இருக்கா பாருங்க" என்றார். நான் மதிப்பெண் போடவில்லை. ஒப்புகை அட்டை இணைத்துப் பதிவு செய்தேன், எண் 417. மகளின் கடிதத்தை அவர் திருப்பி அனுப்பவில்லை. மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

மூன்று வாரம் கழித்து, ஜூன் 30 அன்று, ஒப்புகை அட்டை வந்தது. பெற்றுக்கொண்டவர் கையெழுத்து என்ற இடத்தில் அவர் மனைவியின் பெயர். எழுத்துகள் ஒன்று பெரியது, ஒன்று சிறியது, கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி அச்சடித்த வரியின் மேல் ஏறியிருந்தது. வாத்தியார் அட்டையின் இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல வேற ஒண்ணும் எழுதலையே?"

"அதுல கையெழுத்துக்கு மட்டும்தான் சார் இடம்."

"இது அவளே போட்டதா?"

"அவங்களேதான்."

அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சிவப்புப் பேனா இருந்த பையில் அல்ல, மற்றதில். அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை மூன்றரை வருடம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பை பிரிக்கும் நேரத்துக்கு வந்து பலகைக்கு அந்தப் பக்கம் நிற்பார். "ஏதாவது?" என்பார். "இல்ல சார்" என்பேன். பதினேழு படி ஏறிப் போவார். சிறிது நேரத்தில் மேலிருந்து 'வெயிட்' பாடம் கேட்கும். நான் காத்திருக்கிறேன், காத்திருந்தேன், காத்திருந்துகொண்டிருந்திருப்பேன். பையன்கள் ஓர் எழுத்து பிசகாமல் ஒப்பித்தார்கள்.

ஒப்புகை அட்டையைக் கடிதமாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த நாள், 1986 ஜூன் 9, திங்கட்கிழமை.